சீட்டு யாருக்கு விழுந்தது?

போன மாதம் சேலத்தில் இளம் கால்பந்து நடுவர்களுக்காக நடந்த ஒருநாள் வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய நடுவர்களில் மாடிப்படி ஏறி வரக்கூடியவர்கள் குறைந்துவிட்டதால் எனக்குக் கிடைத்த மரியாதை அது. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் நடுவர் எழுந்தார்.

"ஏனுங்க சார், பெனால்ட்டி ஷூட் அவுட் வராத காலத்துல நாக் அவுட் மேட்ச் டிரா ஆயிட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"மறுபடியும் ஒரு ஆட்டம் வெப்போம் கண்ணு. அதுவும் டிரா ஆச்சுன்னா சீட்டு எழுதிக் குலுக்கி எடுப்போம்" என்றேன்.

வகுப்பு மொத்தமும் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப நடுவர் எதுக்குங்க சார், கிளி ஜோசியக்காரரே போதுமே" என்றார். நானும் சிரித்தேன். பதில் சொல்வதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சீட்டு எடுத்து ஓர் ஆட்டத்தின் முடிவைத் தீர்ப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை நான் ஒரே ஒரு முறை கற்றுக்கொண்டேன். அந்த ஒரு முறையே ஆயுளுக்கும் போதும்.

தேதி இல்லாமல் எழுதுவது எனக்குக் கை ஒடிந்த மாதிரி. பதினேழு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். எந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தாலும் கடைசிப் பக்கத்தில் முடித்த நாளையும் நேரத்தையும் குறித்துவைப்பேன். ஆனாலும் இந்தக் கட்டுரையில் ஆண்டைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அன்று ஆடியவர்களில் சிலர் இன்றும் ஏற்காட்டுக் கடைவீதியில் எதிரே வருகிறார்கள். பெனால்ட்டி உதைகள் சட்டத்துக்குள் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம், வியாழனும் வெள்ளியும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். மணியும் நிமிஷமும் டைரியில் உள்ளபடியே.

நான் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். காலையில் ஆட்களுக்குப் பேர் போட்டு, எந்த கேங் எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்ப வேண்டும். சாயங்காலம் காப்பிப் பழத்தை நிறுத்து எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விசில். நடுவர் தேர்வுக்காக ஆங்கிலச் சட்டப் புத்தகத்தை நானே தமிழில் எழுதிப் பார்த்ததில் மூன்று நோட்டுகள் தீர்ந்தன. முதல் முறை வாய்மொழித் தேர்வில் தவறினேன்; இரண்டாம் முறை தேறினேன். தேர்வைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. என்னை நடுவராக்கியது தேர்வு அல்ல, பொன்னையா சார்.

பொன்னையா சார் சேலத்தில் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் உண்டு என்பதுபோலவே பேசுவார். "வாங்க", "போங்க", "எழுதுங்க" என்ற மூன்று சொற்களில் ஒரு நாளை ஓட்டிவிடக் கூடியவர். அவருக்கு லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்த முதல் ஆட்டத்தில், பந்து கோல் கோட்டைத் தாண்டியதா என்று என்னைக் கேட்டார். "தாண்டுன மாதிரி இருந்துச்சுங்க" என்றேன். "மாதிரி வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து என் அறிக்கைகளில் அந்தச் சொல் கிடையாது. வளவளவென்று எழுதும் பழக்கத்தையும் அவரிடம்தான் விட்டேன். அவரைப் போலச் சுருக்கமாகப் பேசுவது எனக்கு ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. அந்தப் பெருமைதான் என்னை மாட்டிவிட்டது.

அந்த வருஷம் அகில இந்தியக் கோப்பை ஒன்றின் தகுதிச் சுற்றில் எங்கள் பக்கத்து ஆட்டத்தை ஏற்காட்டில் நடத்தலாம் என்று முடிவாயிற்று. கீழே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தோற்றால் அத்தோடு வீட்டுக்கு. ஜெயித்தால் வரும் ஞாயிறு மதராஸில் அடுத்த சுற்று. ஒரு பக்கம் சமவெளியிலிருந்து வந்த ஒரு பஞ்சாலையின் அணி. இன்னொரு பக்கம் எங்கள் மலையணி. எஸ்டேட் ஆட்களும் மலைக் கிராமத்து விவசாயிகளும் சேர்ந்த அணி அது. கேப்டன் வெள்ளையன் மாரமங்கலத்துக்காரர். சாமையும் மிளகும் காப்பியும் வைத்திருக்கும் குடும்பம். பயிற்சிக்கு நடந்தே வந்து நடந்தே திரும்புவார். கோல்கீப்பர் ராசு என் மச்சினன், என் மனைவியின் தம்பி. எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவன், பழ மூட்டை தூக்குகிறவன். அவனுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. பெண் கீழே ஓமலூர்ப் பக்கம், பெயர் பூங்கொடி. அணியில் ஒருவர்கூட மதராஸைப் பார்த்ததில்லை. ஏழு பேர் ரயிலில் ஏறியதில்லை. நான்கு பேருக்கு பூட்ஸே அந்த வாரம்தான் காலில் ஏறியது.

வியாழக்கிழமை ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. வெள்ளிக்கிழமை மறு ஆட்டம். இரண்டுக்கும் நடுவர் பொன்னையா சார். வியாழன் இரவு ஒரு லைன்ஸ்மேனுக்குக் காய்ச்சல் வந்துவிட, வெள்ளி காலை எஸ்டேட் ஆபீஸுக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"உறவு?" என்றார்.

"கோல்கீப்பர் என் மச்சினனுங்க."

அவர் உடனே பஞ்சாலை அணியின் கேப்டன் தேவராஜிடம் என்னைக் கூட்டிப்போனார். தேவராஜ் உயரமானவர், சிரித்த முகம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மச்சினன் மேல எந்த மாமனுங்க பாசமா இருந்திருக்காரு? எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க" என்றார். பொன்னையா சார் அதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் என்னிடம் கொடியைக் கொடுத்தார்.

அவர் ஆட்டத்துக்குத் தயாராகும் விதத்தை நான் இன்றைக்கும் அப்படியே செய்து காட்டுவேன். ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடுவார். கோட்டின் மேலேயே மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். வலையை ஒவ்வொரு கொக்கியிலும் இழுத்துப் பார்ப்பார். பந்தை இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தி, காதருகே வைத்து, தரையில் ஒரு முறை போட்டுப் பிடிப்பார். ஆட்டக்காரர்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவரும் காலை மடக்கிக் காட்ட, பூட்ஸின் அடியில் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார். இரண்டு கைகளிலும் கடிகாரம். ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் நின்றால் மற்றதை நிறுத்துவார். மலையில் ஆட்டம் என்றால் கூடுதலாக ஒன்று. மைதானத்தின் நடுப்புள்ளியில் நின்று இரண்டு கோல்கம்பங்களையும் பார்ப்பார். இரண்டும் தெரிந்தால் ஆட்டம். ஒன்று மறைந்தாலும் விசில்.

மூன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் பஞ்சாலை அணி ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருக்கையில் கார்னரிலிருந்து வந்த பந்தை வெள்ளையன் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். மைதானத்தை ஒட்டிய சரிவில் உட்கார்ந்திருந்த எஸ்டேட் சனம் போட்ட சத்தத்தில் என் கொடிக் கம்பே அதிர்ந்தது. நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்தின் எட்டாவது நிமிஷத்தில் ஏரிப் பக்கமிருந்து மூடுபனி ஏறிவந்தது. ராசு நின்ற கோல் முதலில் மறைந்தது. விசில். நாற்பது நிமிஷம் காத்திருந்தோம். பனி விலகவில்லை; இன்னும் கெட்டியானது.

போட்டி அமைப்பாளர்கள் அனுப்பியிருந்த விதித்தாளை பொன்னையா சார் பையிலிருந்து எடுத்தார். மறு ஆட்டத்திலும் முடிவு கிடைக்காவிட்டால் அன்றே அதே இடத்தில் சீட்டு மூலம் தீர்மானிக்க வேண்டும், முடிவை அன்று இரவுக்குள் தந்தியில் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. என்னைப் பார்த்து, "எழுதுங்க" என்றார்.

சீட்டு எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. அது ஏன் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் மொட்டைப்பாறைக் காடு என்று ஓர் இடம் உண்டு. செங்குத்தான சரிவு, காலெல்லாம் அட்டை ஏறும், பறித்த பழத்தை முதுகில் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். அங்கே போக எந்த கேங்கும் சம்மதிக்காது. அதனால் பறிப்புக் காலத்தில் தினமும் காலையில் கேங்குகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கூடையில் போட்டு ஒன்றை எடுப்பேன். யார் பெயர் வருகிறதோ அவர்கள் மொட்டைப்பாறைக்கு. எடுத்த கையோடு அந்தப் பெயரை என் தாளில் அடித்துவிடுவேன். "சீட்டு உழுந்துருச்சு" என்றால் எங்கள் எஸ்டேட்டில் அன்றைய பொழுது கெட்டது என்று அர்த்தம். மாரமங்கலம் வரைக்கும்கூட அந்தப் பேச்சு பரவியிருந்தது. பத்து வருஷமாக அதைச் சொல்லியே பழகிய வாய் என்னுடையது.

ஒரே தாளைச் சமமாகக் கிழித்து, ஒரே பென்சிலால் 'மலையணி', 'மில் அணி' என்று எழுதினேன். இரண்டையும் நான்காக மடித்தேன். இரண்டு கேப்டன்களும் மடித்த சீட்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பொன்னையா சார் தன் தொப்பியைக் கழற்றி அதில் போட்டுக் குலுக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றை எடுத்தார். மடிப்பைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டி, "படிங்க" என்றார்.

பிரித்தேன். பொன்னையா சாரைப் போலவே சுருக்கமாக, சரிவில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்:

"மலையணிக்குச் சீட்டு உழுந்துருச்சுங்க!"

சொன்ன கையோடு, அட்டையில் செருகியிருந்த ஆட்ட அறிக்கையில் மலையணியின் பெயர் மேல் ஒரு கோடு போட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஒரு நாக் அவுட் ஆட்டத்தின் முடிவை அறிவித்தால் யாராவது ஒரு பக்கம் கத்த வேண்டும். இங்கே சரிவு முழுக்க அமைதி. மலையணி ஆட்கள் ஈரப்புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ராசு முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் பத்தடி தள்ளி பஞ்சாலை அணியும் அதேபோல உட்கார்ந்திருந்தது. ஒருவர் ஜெர்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், களைப்பு என்று நினைத்தேன்.

பொன்னையா சார் வெள்ளையனுக்குக் கை கொடுத்தார். வெள்ளையன் தலை குனிந்தபடியே கையைக் கொடுத்தார். பிறகு தேவராஜ் வந்து அவர் தோளைத் தட்டினார்.

"நொம்ப நல்லா ஆடுனீங்க. மெட்ராஸ்லயும் இதே மாதிரி ஆடோணும். எங்க பேரையும் சேத்துக் காப்பாத்துங்க" என்றார்.

வெள்ளையன் நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க, தோத்தவன் கிட்டப் போயி இப்படிக் கேலி பண்றீங்களே, இது நாயமுங்களா?"

"கேலியா? தோத்தது நாங்கதானுங்களே?"

"எங்க பேருதானுங்களே உழுந்துச்சு?"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். பேரு உழுந்தா ஜெயிச்ச மாதிரிதானே?"

"பேரு உழுந்தா மொட்டைப்பாறைங்க!"

தேவராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கீழே, சமவெளியில், குலுக்கல் சீட்டு என்றால் பெயர் வந்தவனுக்கு அதிர்ஷ்டம். ஊரே அவனைப் பார்த்துப் பொறாமைப்படும். மேலே, எங்கள் எஸ்டேட்டில், பெயர் வந்தவன் தொலைந்தான். ஒரே வாக்கியத்தைக் கேட்டு இரண்டு அணிகளும் தோற்றுப்போனதாக நினைத்து உட்கார்ந்திருந்தன. சீட்டு எடுப்பதற்கு முன்னால், வருகிற பெயர் உள்ளேயா வெளியேயா என்று யாருமே சொல்லவில்லை.

விஷயம் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குப் போன வேகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. முதலில் ராசு துள்ளி எழுந்தான். "அவிங்க கணக்குப்படி பேரு உழுந்தவன்தான் ஜெயிச்சவன்! அப்ப நாமதான்டா ஜெயிச்சோம்!" மலையணி எழுந்து ஆடத் தொடங்கியது. அடுத்த நொடியே பஞ்சாலை அணியின் கோல்கீப்பர் கையை ஓங்கினார். "இருங்க, இருங்க! உங்க கணக்குப்படி உழுந்தவன் வெளியதானே? அப்ப நாங்கதான் ஜெயிச்சோம்!" ஐந்து நிமிஷத்துக்கு முன்பு அவரவர் வழக்கப்படி இரண்டு பேரும் தோற்றிருந்தார்கள். இப்போது அடுத்தவர் வழக்கப்படி இரண்டு பேரும் ஜெயித்திருந்தார்கள்.

நான் பொன்னையா சாரிடம் போய், "மறுபடியும் எடுத்துரலாமுங்களா?" என்றேன்.

வெள்ளையன், தேவராஜ் இருவரும் ஒரே குரலில் "முடியாதுங்க" என்றார்கள். ஜெயித்தவன் எதற்கு மறுபடி சீட்டு எடுக்க வேண்டும்?

பொன்னையா சார் விதித்தாளை மறுபடி படித்தார். சீட்டு மூலம் என்று மட்டும்தான் இருந்தது.

"மறுபடி எடுத்தா, ஏற்கெனவே ஜெயிச்சவங்ககிட்ட இருந்து பிடுங்குறதா ஆயிடும். ஒருத்தர் ஜெயிச்சாச்சு. யாருன்னுதான் தெரியலை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அறிவிச்சது நீங்க. எந்த அர்த்தத்துல அறிவிச்சீங்களோ அதுதான் முடிவு. ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

வெள்ளையன் உடனே தலையாட்டினார். எங்கள் ரைட்டர்தானே. தேவராஜ் என்னைப் பார்த்தார், ராசுவைப் பார்த்தார், பிறகு அவரும் தலையாட்டினார். காலையில் அவர் போட்ட கையெழுத்து அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எந்த அர்த்தம்?" என்றார் பொன்னையா சார்.

அறிக்கை அட்டை என் மார்போடு ஒட்டியிருந்தது. அதில் இருந்த கோடு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அடியில் வெற்று அறிக்கைத் தாள் ஒன்று இருந்தது. பென்சிலும் என் கையில்தான். கோட்டை நான் சும்மா கிறுக்கியதாகக்கூடச் சொல்லலாம். 'ஜெயிச்ச அர்த்தத்தில்' என்று இரண்டு சொற்கள் சொன்னால் பதினோரு பேர் மதராஸுக்கு ரயில் ஏறுவார்கள். பொன்னையா சார் சேலத்துக்காரர். அவரும் அந்த அர்த்தத்தில்தான் வெள்ளையனுக்குக் கை கொடுத்தார். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சரிவிலிருந்து சனம் இறங்கி எங்களைச் சுற்றி நெருங்கி நின்றது. அத்தனையும் தினமும் காலையில் நான் பேர் போடும் முகங்கள்.

"சொல்லுங்க மாமா" என்றான் ராசு. கெஞ்சவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னான். நான் என்ன சொல்வேன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அட்டையை மார்பிலிருந்து எடுத்துப் பொன்னையா சாரிடம் நீட்டினேன்.

அவர் அதை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இந்தக் கோடு எப்ப போட்டது?"

"படிச்ச கையோடங்க."

"யாரும் பேசறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதானுங்க."

அவர் ஒரு தடவை தலையசைத்தார். பிறகு, நான் அவரிடம் கேட்டதிலேயே மிக நீளமான வாக்கியத்தைச் சொன்னார்: "சீட்டில் வந்த பெயர் போட்டியிலிருந்து விலகுகிறது என்ற பொருளில் அறிவிக்கப்பட்டு, அது அந்த நேரத்திலேயே எழுத்தில் பதிவாகியிருப்பதால், மில் அணி அடுத்த சுற்றுக்குப் போகிறது."

பஞ்சாலை அணியினர் கத்தினார்கள். ஆனால் கொஞ்சம் அடக்கித்தான் கத்தினார்கள். சனத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "நம்ம ரைட்டரு நமக்கு என்னைக்குங்க நல்ல காடு ஒதுக்கியிருக்காரு?" என்றது. சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இடம் இல்லை. வெள்ளையன் என் அருகே வந்து அட்டையை எட்டிப் பார்த்து, கோட்டை விரலால் ஒரு முறை தடவினார். "நாங்களும் மொதல்ல அப்படித்தானுங்க நெனச்சோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். மாரமங்கலம் வரைக்கும் பனியில் நடக்க வேண்டும். ராசு என்னைப் பார்க்கவே இல்லை.

தபால் ஆபீஸுக்கு நானும் பொன்னையா சாரோடு போனேன். வழியில் அவர், "தப்பு என்னுது. நடுவர் நான். முன்னாடியே அர்த்தத்தைச் சொல்ல வெச்சிருக்கணும். அப்படித்தான் அறிக்கையில எழுதுவேன்" என்றார். தந்திப் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். மறு ஆட்டம் சமன், சீட்டில் மில் அணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனாவை மூடப்போனவர், மறுபடி திறந்து இன்னும் ஒரு வரி சேர்த்தார். தமிழில் சொன்னால்: 'மலையணி தோற்கவில்லை.' தேவைக்கு மேல் ஒரு சொல்கூட எழுதாத மனிதர் அவர். படிவத்தைக் கவுன்டரில் கொடுத்துவிட்டு, யாரும் எதுவும் கேட்காமலேயே, "இருக்கட்டும்" என்றார்.

எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில் எங்கள் வீடும் ராசுவின் வீடும் அடுத்தடுத்து. நான் வீடு சேர்ந்தபோது ராசுவும் அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தான். பூங்கொடி கதவைத் திறந்து, "என்னங்க ஆச்சு?" என்றாள்.

"சீட்டு உழுந்துருச்சு" என்றான் ராசு.

"அய்யோ, நெசமாலுமா!" என்று அவள் கையைத் தட்டினாள். "நாந்தான் காலையிலயே சொன்னனே! மெட்ராஸுக்கு எப்பங்க போவோணும்?"

விளக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பதுபோல ராசு என் பக்கம் திரும்பினான். நான்தான் என்று பார்த்ததும் திரும்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவளுக்கு அவன் எப்படிச் சொல்லிப் புரியவைத்தான் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான்கு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. என் மனைவி இரண்டு வீட்டுக்கும் நடுவே தகவல் சொல்லிக்கொண்டிருந்தாள். அணியிலிருந்தவர்கள் காலையில் பேர் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்கள். வேலையில் ஒரு குறையும் இல்லை, மரியாதையிலும் குறைவில்லை. வழக்கமாகக் கேட்கும் "காப்பி குடிச்சீங்களா"தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் ஆட்டம் நடக்கும் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். யாரும் என்னை ஊதக் கூப்பிடவில்லை. பொன்னையா சாருக்குக் கடிதம் எழுதி, நடுவர் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அந்தக் கடிதத்தின் வரைவு டைரியில் இருக்கிறது. மூன்று வரி, கையெழுத்து இல்லை.

பின்னாளில் பெனால்ட்டி உதைகள் வந்தபோது நான் ஊதிய முதல் ஷூட் அவுட்டில் இரண்டு கேப்டன்களையும் நிறுத்திவைத்து, எந்தக் கோல், யார் முதலில், எத்தனை உதை, எது வெற்றி என்று இருவருக்கும் தனித்தனியாக விளக்கி, அவரவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "சார், இருட்டுதுங்க" என்றார் ஒருவர். இருட்டட்டும் என்றேன். இன்றைய நடுவர்கள் சிரிக்கலாம். ஒரு சொல் ஒரே ஊரின் மேட்டிலும் பள்ளத்திலும் வெவ்வேறாகக் கேட்கும் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

கடிதத்தை அனுப்பாததற்குக் காரணம் வெள்ளையன். ஐந்தாவது வாரம், சனிக்கிழமை சாயங்காலம் நான்கே கால் மணிக்கு, எஸ்டேட் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாளைக்கு நமக்கும் அடிவாரத்துப் பசங்களுக்கும் ஆட்டமுங்க. நீங்கதானுங்க ஊதோணும்."

"அணியில எல்லாருக்கும் சம்மதமுங்களா?"

"அடிவாரத்துக்காரங்கதானுங்க மொதல்ல கேட்டாங்க. அந்த ரைட்டரு ஊதுனா வாரோம், இல்லீன்னா எங்க ஊருல வெச்சுக்கலாம்னாங்க."

"நம்ம பசங்க?"

வெள்ளையன் சிரித்துவிட்டார். "ராசுதானுங்க சொன்னான். 'எங்க மாமனையே கூப்புடுங்க. அந்தாளு நமக்கு ஒரு நல்லதும் பண்ண மாட்டாரு. ஆனா நாம ஜெயிச்சா எவனும் வாயத் தொறக்க முடியாது'ன்னானுங்க."

மறுநாள் ஊதினேன். ஒரு மணி நேரம் முன்னால் போய், மைதானத்தைச் சுற்றி, வலையை இழுத்து, பந்தை அழுத்தி, எல்லாருடைய பூட்ஸையும் தடவிப் பார்த்தேன். ராசு காலை மடக்கிக் காட்டியபோதும் பேசவில்லை. ஆட்டம் தொடங்கிப் பதினேழாவது நிமிஷம், மலையணியின் பின்னாட்டக்காரர் ஒருவர் பெனால்ட்டிப் பெட்டிக்குள் பந்தைக் கையால் தட்டிவிட்டார். அவர் தட்டியதை நான் மட்டுமல்ல, சரிவில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். விசில் ஊதிப் பெனால்ட்டிப் புள்ளியைக் காட்டினேன்.

சரிவு முழுவதும் சிரிக்கத் தொடங்கியது. அடிவாரத்து ஆட்கள் சிரித்தார்கள், மலையணி சிரித்தது, பந்தைத் தட்டியவரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். ராசு கோல்கம்பத்தில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டின் நடுவில் வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்தான்.

"ஊதுங்க மாமா, ஊதுங்க" என்றான்.